சேலத்துக்கு ஐம்பதே நிமிடம்!

"சேலம் சென்னை விமான தூரம்" என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். தூரம் கணக்குப் போட்டுத் தரும் தளங்கள் வரிசையாக வந்து நிற்கும். எல்லாம் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்லும். தூரம் 265 கி.மீ. சொச்சம். பயண நேரம் ஐம்பது நிமிடம் சொச்சம்.

முதல் எண் சரி. இரண்டாவது எண் சுத்தப் பொய்.

இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். இந்த ஐம்பது நிமிடத்தை நாம் இணையத்தில் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அமைச்சர்கள் மேடையில் சொல்வதும், பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போடுவதும், ஓமலூர் பக்கம் விவசாயியின் நிலத்தைக் கேட்டு அதிகாரிகள் போனபோது பின்னால் இருந்ததும் இதே கணக்குதான். அதனால் இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம். நான் சேலத்துக்காரன், சென்னையில் படிக்கிறவன். இந்த வழியில் ரயில், பஸ் என்று மாறி மாறிப் போய் வருகிறவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் உரிமையும் உண்டு, கொஞ்சம் கோபமும் உண்டு.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

இது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

சேலம் விமான நிலையம் ஏறக்குறைய 11.78 டிகிரி வட அட்சம், 78.07 டிகிரி கிழக்குத் தீர்க்கம். சென்னை மீனம்பாக்கம் 12.99 மற்றும் 80.17. அட்ச வித்தியாசம் 1.21 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்றால் 134 கி.மீ. தீர்க்க வித்தியாசம் 2.10 டிகிரி. நம் அட்சத்தில் ஒரு டிகிரி தீர்க்கத்துக்கு 108 கி.மீ. சொச்சம். ஆக 228 கி.மீ. இரண்டையும் பிதாகரஸ் தாத்தாவிடம் கொடுத்தால் 264.5 கி.மீ. என்று கொடுத்துவிடுவார். பூமி உருண்டை என்பதற்காக இணையதளங்கள் இன்னும் பெரிய சூத்திரம் ஒன்றைப் பயன்படுத்தும். இவ்வளவு சின்ன தூரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது.

சரி, நேரம்? அந்த 265ஐ ஜெட் விமானத்தின் வேகமான 800 கி.மீ.யால் வகுத்தால் இருபது நிமிடம். ஏற இறங்க என்று ஒரு அரை மணி நேரம் சேர்த்தால் ஐம்பது. அவ்வளவுதான் சூத்திரம்.

இதில் விமானத்துக்கு எந்த வேலையும் இல்லை, கவனித்தீர்களா? எந்த விமானம், என்ன கிழமை, எத்தனை மணிக்கு, ஓடுகிறதா நின்றுவிட்டதா, எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. சேலத்தின் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர்தான். அங்கே வந்து போவது ஏடிஆர் என்கிற விசிறி வைத்த சின்ன விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவில்தான். 800 என்பதே சேலத்துக்குப் பொருந்தாத எண்.

இன்னொரு வேடிக்கை செய்து பாருங்கள். சேலம், புதுச்சேரி என்று இரண்டு விமான நிலையங்களைப் போடுங்கள். 190 கி.மீ. என்று தூரம் வரும். கூடவே முக்கால் மணி நேரம் மாதிரி ஒரு நேரமும் வரும். இரண்டு ஊருக்கும் இடையே நேரடி விமானமே கிடையாது! பெங்களூரோ ஹைதராபாத்தோ போய் விமானம் மாறி வரவேண்டும். சேலத்தில் பஸ் ஏறியவர் புதுச்சேரியில் இறங்கி, குளித்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகுதான் விமானத்தில் கிளம்பியவர் வருவார். ஆனாலும் முக்கால் மணி நேரம் என்று எழுதியிருக்கிறது. இல்லாத விமானத்துக்கும் பயண நேரம் சொல்லும் கணக்கு, இருக்கிற விமானத்துக்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிடுமா?

வீட்டு வாசலில் இருந்து கணக்கு போடுவோம்

யாரும் ஓடுபாதையில் குடியிருப்பதில்லை. சேலத்தில் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் வீடு, சென்னையில் சென்ட்ரல் பக்கம் வேலை என்று வைத்துக்கொள்வோம். காலதாமதம் எதுவும் இல்லாத நல்ல நாள் என்றும் வைத்துக்கொள்வோம்.

விமானத்தில்:

1. விமான நிலையம் சேலம் நகரத்தில் இல்லை. ஓமலூர் தாண்டி காமலாபுரத்தில் இருக்கிறது. சுமார் 20 கி.மீ. ஆட்டோ, டாக்சி பிடித்துப் போய்ச் சேர 45 நிமிடம்.
2. உள்நாட்டு விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். இரண்டு மணி நேரம் முன்னால் வரச் சொல்வார்கள். தைரியசாலி என்று வைத்துக்கொண்டு 75 நிமிடம்.
3. கதவு மூடியதில் இருந்து கதவு திறக்கும் வரை சுமார் ஒரு மணி நேரம்.
4. சென்னையில் இறங்கி, பஸ்ஸில் ஏறி டெர்மினல் வந்து, பெட்டி வாங்கி வெளியே வர 30 நிமிடம்.
5. மெட்ரோவுக்கு நடந்து, காத்திருந்து, சென்ட்ரல் வந்து சேர 50 நிமிடம்.

மொத்தம் 260 நிமிடம். நாலு மணி நேரம் இருபது நிமிடம்.

ரயிலில்:

1. சூரமங்கலத்தில் இருக்கிற ஜங்ஷனுக்குப் போக 15 நிமிடம்.
2. முன்னெச்சரிக்கையாகப் போய் நிற்பது 15 நிமிடம்.
3. வந்தே பாரத் ரயிலில் சேலத்தில் இருந்து சென்ட்ரல் சுமார் மூன்றரை மணி நேரம். தாராளமாக 215 நிமிடம் வைத்துக்கொள்வோம்.
4. இறங்கி வெளியே வர 5 நிமிடம்.

மொத்தம் 250 நிமிடம். நாலு மணி நேரம் பத்து நிமிடம்.

ஐம்பது நிமிட விமானம் நாலு மணி நேர ரயிலிடம் தோற்றுவிட்டது! :-)

"வந்தே பாரத் எல்லாருக்கும் கட்டுப்படியாகுமா? அதுவும் தினமும் ஓடுவதில்லையே?" என்பீர்கள். நியாயம்தான். கோவை எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் கூட ஆகும். அதாவது விமானத்தில் போவதால் மிச்சமாவது அந்த ஒன்றரை மணி நேரம்தான், நான்கைந்து மணி நேரம் இல்லை. இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியும்போது சென்னை. தூங்குகிற நேரத்தை நான் பயண நேரத்தில் சேர்ப்பதில்லை. வீட்டில் இருந்தாலும் அந்த நேரத்தில் தூங்கத்தான் போகிறேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீடு தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ இருந்தால் விமானம் ஜெயிக்கும். எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன் இருக்கிறது. அதேபோல் ஓமலூரிலேயே வீடு இருக்கிறவருக்கும் லாபம்தான். உங்கள் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் விடை மாறும். அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆளுக்கு ஆள் மாறுகிற ஒன்றை ஐம்பது நிமிடம் என்று எப்படி ஊருக்கே பொதுவாக எழுதி ஒட்ட முடியும்?

காத்திருக்கும் நேரம் யார் கணக்கில்?

மேலே போட்ட கணக்கில்கூட விமானத்துக்கு ஒரு பெரிய சலுகை கொடுத்திருக்கிறேன். நீங்கள் கிளம்ப நினைக்கிற நேரத்தில் விமானம் கிளம்புகிறது என்று வைத்துக்கொண்டேன். நிஜத்தில் அப்படியா?

2018இல் சேலம் விமான சேவை மறுபடி தொடங்கியபோது சென்னைக்குத் தினம் ஒரே ஒரு விமானம். ஒரு நாளைக்கு ஒரு சேவை என்றால் இரண்டு சேவைக்கு இடையே 24 மணி நேரம். போக்குவரத்துப் பாடத்தில் சொல்லிக் கொடுக்கிற எளிய விதி ஒன்று உண்டு. பயணி எந்த நேரத்திலும் வரலாம் என்றால் சராசரிக் காத்திருப்பு என்பது இடைவெளியில் பாதி. 24 மணி நேரத்தில் பாதி 12 மணி நேரம்.

அட, யாராவது விமான நிலையத்தில் போய் 12 மணி நேரம் உட்காருவார்களா? மாட்டார்கள். ஆனால் காலையில் பத்து மணிக்கு சென்னையில் வேலை என்றால் முந்தின நாள் விமானத்தில் போய் லாட்ஜில் தங்குவார்கள். மாலையில் வேலை முடிந்தால் மறுநாள் விமானம் வரை இருப்பார்கள். இல்லாவிட்டால், "இது நமக்கு சரிப்படாது" என்று ரயிலுக்கே போய்விடுவார்கள். அந்த ஒரு ராத்திரி, அந்த லாட்ஜ் வாடகை, இதெல்லாம் பயண நேரமும் பயணச் செலவும்தான். எந்தத் தளத்திலும் இது இல்லை. எந்த மேடையிலும் இதை யாரும் சொல்வதில்லை.

ரயிலிலும் பஸ்ஸிலும் இந்தக் காத்திருப்பு அரை மணி, ஒரு மணியில் முடிந்துவிடும். ராத்திரி பதினோரு மணிக்குக்கூட சேலம் புது பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் சென்னை பஸ் கிடைக்கும். தூரத்தைக் குறைக்கிற வண்டி என்றால் அதுதான். வேகமாக ஓடுவதைவிட அடிக்கடி ஓடுவதுதான் சாதாரண மனிதனுக்கு முக்கியம்.

நாலு திறப்பு விழா

சேலம் விமான நிலையத்தின் சரித்திரத்தைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

1993இல் திறந்தார்கள். தனியார் விமானம் கொஞ்ச காலம் வந்து போனது. பயணிகள் போதவில்லை என்று நின்றது. 2009இல் கிங்ஃபிஷர் வந்தது. 2011இல் போய்விட்டது. 2018 மார்ச் 25 அன்று மத்திய அரசின் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது. 2021இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடியும் தொடக்கம், மறுபடியும் மாலை, மறுபடியும் புகைப்படம்.

ஒவ்வொரு முறையும் "சேலம் மக்களின் நீண்ட நாள் கனவு நனவானது" என்று செய்தி வந்தது. ஒரே கனவு எத்தனை முறை ஐயா நனவாகும்?

இது சேலத்தின் தலையெழுத்து மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். உடான் திட்டம் 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவுக்கும் டெல்லிக்கும் இடையே பறந்தது. ஹவாய் செருப்பு போட்டவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்று பிரதமர் சொன்னார். நல்ல ஆசைதான். நானும் ஹவாய் செருப்புக்காரன்தான். நடந்தது என்ன என்று மத்திய தணிக்கைத் துறை 2023இல் அறிக்கை கொடுத்தது. அதில் இருக்கிற எண்களைப் பாருங்கள்.

முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கப்பட்ட வழித்தடங்கள் 774. இதில் 403 வழித்தடங்களில் விமானம் பறக்கத் தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்று வருடச் சலுகைக் காலத்தை முழுதாக முடித்தவை 112. சலுகை முடிந்த பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை 54.

774இல் 54. நூற்றுக்கு ஏழு! எங்கள் செமஸ்டர் தேர்வில் ஏழு மார்க் வாங்கினால் அரியர். இங்கே ஏழு மார்க் வாங்கினால் அடுத்த சுற்று ஏலம்.

இந்த 774 வழித்தடங்களில் ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் தூரத்தைக் கணக்குப் போட்டிருப்பார். வரைபடத்தில் இரண்டு புள்ளி, நடுவே ஒரு கோடு. 2016இல் போட்ட விதியிலேயே 200 முதல் 800 கி.மீ. வரை உள்ள வழிகள் என்றுதான் எழுதினார்கள். மலைப்பகுதி, தீவு மாதிரி இடங்களுக்கு மட்டும் குறைந்தபட்ச தூரம் இல்லை. சமவெளியில், நல்ல ரயில் பாதை இருக்கிற 200 கி.மீ. தூரத்தை விமானத்துக்கு ஏற்ற தூரம் என்று எந்தப் பயணியிடம் கேட்டு முடிவு செய்தார்கள்?

யார் வீட்டுப் பணம்?

"ஓடினால் ஓடட்டும், நின்றால் நிற்கட்டும், நமக்கென்ன?" என்று விட்டுவிட முடியாது. இது நம் பணத்தில் ஓடுகிறது.

உடான் விமானத்தில் எல்லா சீட்டும் மலிவு இல்லை. ஏறக்குறைய பாதி சீட்டுக்குத்தான் கட்டண உச்சவரம்பு. ஒரு மணி நேரப் பயணத்துக்கு, அதாவது சுமார் 500 கி.மீ.க்கு, 2,500 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். தூரம் குறைந்தால் அதற்கேற்ப குறையும். மீதி சீட்டுகளுக்கு சந்தை விலை. மலிவு சீட்டில் விமான நிறுவனத்துக்கு ஏற்படும் நஷ்டத்தை ஈடுகட்ட ஒரு நிதி. அதில் 80 சதவீதம் மத்திய அரசு நடத்தும் நிதியில் இருந்து, 20 சதவீதம் மாநில அரசு. மத்திய அரசின் நிதி எங்கிருந்து? பெரிய ஊர்களுக்கு இடையே பறக்கிற மற்ற விமானங்கள் மீது போடுகிற தீர்வையில் இருந்து. அந்தத் தீர்வை கடைசியில் பயணியின் டிக்கெட்டில்தான் வந்து நிற்கும்.

அதோடு முடியவில்லை. மாநில அரசு விமான எரிபொருளுக்கான வரியை 1 சதவீதமாகக் குறைக்க வேண்டும். நிலம் இலவசமாகத் தரவேண்டும். போலீஸ் காவலும் தீயணைப்பும் இலவசம். மின்சாரம், தண்ணீர் சலுகை விலையில்.

இத்தனையும் எழுபது சொச்சம் பேர் ஏறுகிற ஒரு விமானத்துக்கு. அரசு பஸ் போடும் டீசலுக்கு ஒரு சதவீத வரியா கட்டுகிறார்கள்? ராத்திரி சேலம் பஸ்ஸில் ஏறுகிற ஐம்பது பேருக்கு யாராவது இடைவெளி நிதி கொடுக்கிறார்களா?

பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். தென் மாவட்ட பஸ்கள் கோயம்பேட்டில் இருந்து அங்கே போயின. திறந்த அன்று பக்கத்தில் ரயில் நிலையம்கூட இல்லை. வட சென்னையில் இருந்து பெட்டியும் குழந்தையுமாக பஸ் ஏற வந்தவருக்கு நகரத்துக்குள்ளேயே ஒரு மணி நேரம் கூடியது. அந்த ஒரு மணி நேரத்தை யாராவது பயண நேரம் என்று எழுதினார்களா? விமானத்தில் போகிறவருக்கு ஒரு மணி நேரம் குறைந்தால் அது சாதனை. பஸ்ஸில் போகிறவருக்கு ஒரு மணி நேரம் கூடினால் அது "நிர்வாக வசதி".

விருத்தாசலம் வழியாக சேலத்துக்கு இன்னொரு ரயில் பாதை இருக்கிறது. ஆத்தூர், சின்னசேலம் மக்களுக்கு அதுதான் ரயில். 2007இல் அகலப்பாதை ஆனது. அதோடு சரி, ஒற்றைப் பாதை. எதிரில் வண்டி வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்கவேண்டும். அந்தப் பாதையை இரட்டையாக்கினால் எத்தனை ஆயிரம் பேருக்கு எத்தனை நிமிடம் மிச்சம் என்று யாராவது மேடையில் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

570 ஏக்கர்

இனிமேல்தான் எனக்குக் கோபம் வருகிற இடம்.

சேலம் ஓடுபாதை 1,800 மீட்டர்தான் என்று சொன்னேன் அல்லவா? பெரிய ஜெட் விமானம் இறங்க இன்னும் நீளம் வேண்டும். அதற்காக 2018இல் சுமார் 570 ஏக்கர் நிலம் எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிபாடி, சிக்கனம்பட்டி கிராமங்கள். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 1993இல் ஏற்கெனவே ஒரு விமான நிலையத்துக்கு இடம் விட்ட ஊர்க்காரர்கள் இவர்கள். அந்த விமான நிலையம் பல வருடம் ஆடு மேய்க்கக்கூட விடாமல் சும்மா பூட்டிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். "இன்னும் கொடு" என்று கேட்டால் அவர்கள் எப்படி நம்புவார்கள்?

அதே 2018இல்தான் சென்னை–சேலம் எட்டு வழிச் சாலையும் வந்தது. 277 கி.மீ., 10,000 கோடி ரூபாய். அதற்குச் சொன்ன பெரிய காரணம் என்ன? பயண நேரம் பாதியாகக் குறையும்! காஞ்சிபுரத்தில் இருந்து சேலம் வரை ஐந்து மாவட்டங்களில் விவசாயிகள் அழுதார்கள், வழக்குப் போட்டார்கள். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றித் திட்டம் தொடர வழிவிட்டது. சாலை இன்னும் வரவில்லை. பயமும் இன்னும் போகவில்லை.

ஒரே ஊர், ஒரே தூரம். ஒருபக்கம் வானத்தில் ஐம்பது நிமிடம், இன்னொரு பக்கம் தரையில் பாதி நேரம். இரண்டுக்கும் விலை கொடுக்கச் சொன்னது அந்த விமானத்தில் ஏறப் போகாத, அந்தச் சாலையில் கார் ஓட்டப் போகாத மனிதர்களை. பூந்தோட்டமும் தென்னையும் கிணறும் வைத்திருப்பவரிடம் போய், "உங்கள் நிலத்தைக் கொடுத்தால் இன்னொருவருக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும்" என்கிறோம். அந்த ஒரு மணி நேரமாவது உண்மையாக இருக்க வேண்டாமா? வீட்டில் இருந்து கணக்குப் போட்டால் பத்து நிமிடம்கூட மிச்சமாகாத பயணத்துக்கு, தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை எப்படிக் கேட்பது?

"அப்போ விமானமே வேண்டாமா?"

கண்டிப்பாக இதைக் கேட்பீர்கள். சேலத்தில் எஃகு ஆலை இருக்கிறது, வெள்ளிக் கொலுசு இருக்கிறது, ஜவ்வரிசி இருக்கிறது, ஜவுளி இருக்கிறது, தொழில் வளர விமானம் வேண்டாமா என்று எங்கள் ஊர்க்காரர்களே கேட்கிறார்கள்.

வேண்டும். எங்கே வேண்டுமோ அங்கே வேண்டும்.

லட்சத்தீவின் அகத்திக்குக் கொச்சியில் இருந்து விமானம் போகிறது. சுமார் 460 கி.மீ. கப்பலில் போனால் அரை நாளுக்கு மேல் கடலில். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. அங்கே பிரசவத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வர வேண்டியவருக்கு விமானம் உயிர். அந்த வழிக்கு எத்தனை கோடி மானியம் கொடுத்தாலும் நான் கை தட்டுவேன். ரயில் போகாத மலை ஊர்களுக்கும் அப்படியே. சேலத்திலிருந்து ஹைதராபாத் மாதிரி தூரமான ஊர்களுக்கு விமானம் விடுங்கள், அதில் நிஜமாகவே அரை நாள் மிச்சம். கொலுசு வியாபாரிக்கு அதுதான் உபயோகமும்.

சேலத்தில் இருந்து சென்னைக்கு மட்டும் விமானத்தைக் காட்டி "தூரம் குறைந்தது" என்று சொல்லாதீர்கள். பிரான்ஸில் 2023இல் ஒரு விதியை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விட முடிகிற சில வழிகளில் உள்நாட்டு விமானமே கூடாது. பாரீஸின் ஓர்லி விமான நிலையத்தில் இருந்து லியோன், நான்ட், போர்டோ போகும் விமானங்கள் அதில் நின்றன. நாம் தடை போட வேண்டாம். அந்த வழிக்கு மக்கள் பணத்தைக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

"ஆம்புலன்ஸ் விமானம் வர வேண்டாமா?" என்றும் சிலர் கேட்கிறார்கள். அதற்கு இப்போது இருக்கிற ஓடுபாதையே தாராளம். தினமும் டிக்கெட் விற்க வேண்டியதும் இல்லை, இன்னொரு 570 ஏக்கரும் வேண்டியதில்லை.

"பெருமை" என்று ஒரு வாதம் இருக்கிறது. மதுரைக்கு இருக்கிறது, கோவைக்கு இருக்கிறது, திருச்சிக்கு இருக்கிறது, எங்களுக்கு வேண்டாமா? இதற்கு என்னிடம் பதில் இல்லை. பெருமைக்கு யாரால் பதில் சொல்ல முடியும்? :-) ஆனால் ஒன்று. சேலம் ஜங்ஷனில் தினம் வந்து போகிற ரயில்களை எண்ணிப் பாருங்கள். கேரளாவுக்கும் கோவைக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் ராத்திரி பகல் பாராமல் வண்டி. எனக்கு அதுதான் பெருமை.

மூன்றே கேள்வி

அடுத்த முறை எந்த ஊரில் விமான சேவை தொடங்கினாலும், "இத்தனை நிமிடத்தில் போகலாம்" என்று யார் சொன்னாலும், மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, அந்த நேரம் எங்கிருந்து எங்கே? ஓடுபாதையில் இருந்து ஓடுபாதைக்கா, வீட்டில் இருந்து வேலை இடத்துக்கா? இரண்டாவது நேரத்தைச் சொல்லச் சொல்லுங்கள். தினம் எத்தனை விமானம் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டு, ஒரு பயணிக்கு அரசு எவ்வளவு கொடுக்கிறது? அதே பணத்தை ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்தால் எத்தனை பேருக்கு எத்தனை நிமிடம் மிச்சமாகும்? இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஊருக்குக் காட்டட்டும்.

மூன்று, இருக்கிற ஓடுபாதையில் இருக்கிற விமானம் சலுகை இல்லாமல் தொடர்ந்து நிறைந்து ஓடியிருக்கிறதா? ஓடிக் காட்டிய பிறகு அடுத்த ஏக்கரைப் பற்றிப் பேசலாம். அதற்கு முன்னால் காமலாபுரத்துக்காரர் வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது.

265 கி.மீ. என்பது வரைபடத்தில் இருக்கிற தூரம். அதில் எனக்குச் சண்டை இல்லை. பயண நேரம் என்பது மனிதர்கள் செலவு செய்கிற நேரம், அதை மனிதர்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். அதுவரை யாராவது என்னிடம் "சேலம் ஐம்பது நிமிடம்தானே" என்று சொன்னால், "எந்த விமானம், எத்தனை மணிக்கு, யார் நிலத்தில்?" என்றுதான் திருப்பிக் கேட்பேன்.